ஏறும் முன்பே ஒரு சேஃப்

…செக்யூர் என்று எழுதியிருந்ததற்கும் ரைட் போட்டாயிற்று, போடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் சிவப்புப் பேனா தானாகப் போட்டுவிட்டது, ஆறாம் வகுப்பு நோட்டு முப்பத்திரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம், முதலில் அர்த்தம், அடுத்து அதே பொருள் தரும் வேறு சொல், கடைசியில் சொந்த வாக்கியம், இந்த வாரச் சொல் சேஃப், நான்தான் கொடுத்தேன், யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை, புத்தகத்தில் பத்துச் சொல் இருந்தது, ஹானஸ்ட் இருந்தது, பிரேவ் இருந்தது, க்ளீன் இருந்தது, அத்தனையையும் விட்டுவிட்டு இதைப் போய் எடுத்தேன், எதற்கு எடுத்தேன்… செக்யூர் என்றால் பூட்டு, கொக்கி, கயிற்றை இழுத்துக் கட்டுவது, உள்ளே இருப்பது நன்றாக இருக்கிறதா என்று பூட்டுக்கு என்ன தெரியும். அன்ஹார்ம்டு என்று எழுதினவர்களுக்கும் ரைட் போட்டிருக்கிறேன், அது நடந்து முடிந்த பிறகு சொல்கிற சொல், அடிபடவில்லை, ஆள் தப்பித்தது, கணக்கு முடிந்தது. சேஃப் அப்படி இல்லை, அது இந்த நிமிஷத்துக்கு மட்டும்தான் செல்லும், அடுத்த நிமிஷத்துக்கு மறுபடி கேட்க வேண்டும். இதையெல்லாம் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது, பாடத்திட்டத்தில் இல்லை. பதினேழாவது நோட்டு. ஜன்னல் கதவு படாரென்று ஒருமுறை அடித்துக்கொண்டது, எழுந்துபோய்க் கொக்கி மாட்டினேன், செக்யூர். ஸ்டாஃப் ரூமில் நான் மட்டும்தான், காற்று எச்சரிக்கை வந்திருக்கிறது என்று இரண்டேகாலுக்கே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள், மௌசம் கராப் ஹை மேடம், ஜல்தி கர் ஜாயியே, வானிலை சரியில்லை சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்று பியூன் சொல்லிவிட்டுத் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார், நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனால் நனைந்துவிடும், இங்கேயே திருத்திவிட்டுப் போகிறேன் என்றேன். சாக்கு. வீட்டில் சிக்னல் ஒரு கோடு, இங்கே மூன்று கோடு, அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மெசேஜ் வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்துவிட்டது. ரீச்டு சேஃப் மா, பக்கத்தில் ஒரு கூப்பிய கை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது, பார்த்தேன், கட்டைவிரல் ஒன்று அனுப்பினேன், தயிர்சாதத்தையும் மாங்காய் ஊறுகாயையும் நிம்மதியாகச் சாப்பிட்டேன், டிபன் பாக்ஸைக் கழுவினேன். அப்புறம் காற்று வந்தது. காற்று வந்த பிறகுதான் போனை மறுபடி எடுத்து அந்த மெசேஜுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற நேரத்தைப் பார்த்தேன், ஒன்று நாற்பத்தொன்று. எரட்டா ஜெட்டியிலிருந்து போட் கிளம்புவதே இரண்டு மணிக்கு. போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்குக் கிளம்புகிற போட்டில் ஒன்று நாற்பத்தொன்றுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என் மகள், இருபத்திரண்டு வயது, எட்டு மாதமாக நர்ஸ் வேலை, பெயரைச் சொன்னால் இங்கே ரங்கத் பஜாரில் பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாத ஒரு சின்னத் தீவில். இப்போது மணி இரண்டு ஐம்பது. இப்போது அவள் தண்ணீரில் இருக்கிறாள். இல்லை, தண்ணீருக்கு மேலே. சரியாகச் சொல்ல வேண்டும், சொல்லை மாற்றி நினைத்தால் அதுவே நடந்துவிடுமோ என்று பயம், நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம், ஆனாலும் மேலே, தண்ணீருக்கு மேலே.

ஏன் இப்படிச் செய்தாய் ஷோபனா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இது எங்கள் வீட்டுப் பழக்கம், எங்கள் வீடு மட்டுமா, இந்த அந்தமான் தீவுகளில் பல வீட்டில் உண்டு, ஜெட்டியில் குணாவின் டீக்கடை வரைக்கும்தான் சிக்னல், போட்டில் கால் வைத்தால் போச்சு, அந்தப் பக்கம் இறங்கினால் அங்கே ஜெனரேட்டர் ஓடினால் டவர் உண்டு, ஓடாவிட்டால் ராத்திரி வரைக்கும் ஒன்றும் கிடையாது, சில சமயம் மூன்று நாள் கிடையாது. இங்கே வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் சோறு இறங்காமல் கிடப்பார்களே என்று டீயைக் குடித்துக்கொண்டே, இன்னும் கயிறுகூட அவிழ்க்காத போட்டைப் பார்த்துக்கொண்டே, சேஃபா வந்துட்டேன் என்று அனுப்பிவிட்டு ஏறுவது. அனுப்புகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் பாதி தெரியும், இருந்தாலும் சாப்பிடலாம், தூங்கலாம். நானே எத்தனை வருஷம் செய்தேன். என் அம்மா சொர்ணம்மா உயிரோடு இருந்தவரை நான் ஒரு போட்டிலும் மெசேஜ் அனுப்பாமல் ஏறினது இல்லை. ஷோபனாவுக்கு எட்டு வயது இருக்கும், போர்ட் பிளேர் ஹேடோவில் அண்ணன் வீட்டுக்குப் போகக் கப்பல் ஏற நிற்கிறோம், நான் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறேன், என் கையை எட்டிப் பார்த்து, அம்மா நாம இன்னும் ஏறவே இல்லையே என்றாள். ஏறிட்டா சிக்னல் இருக்காதுடி, பாட்டி சாப்புடாம இருக்கும் என்றேன். அப்ப அது பொய் இல்லையா என்றாள். பொய் இல்லை, முன்னாடியே சொல்லிடுறது என்றேன். என்ன ஒரு விளக்கம், ஆங்கில டீச்சருக்கு. அவள் தலையை ஆட்டினாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒருமுறை சொன்னால் போதும்.

அவளுக்கு போன் போட்டேன், பஹுஞ்ச் ஸே பாஹர் என்றது, போனில் இருக்கிற அந்தப் பெண் எப்போதும் கவலையே இல்லாத குரலில் சொல்வாள், எட்டும் தூரத்துக்கு வெளியே. மறுபடி போட்டேன், மறுபடி பாஹர். அவருக்குப் போடலாம் என்றால் அவரும் பாஹர்தான், நாகராஜ், என் வீட்டுக்காரர், அரசாங்க பஸ் ஓட்டுகிறார், இந்த நேரத்துக்கு கான்வாயில் எல்லா வண்டிகளோடும் வரிசையாகக் காட்டுக்குள் இருப்பார், அந்தக் காட்டில் வண்டியும் நிற்கக்கூடாது போனும் எடுக்காது. இதோ இருபதாவது நோட்டில் ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது, ஜாரவா காட்டில் பஸ் ஜன்னலை மூடினால் சேஃப் என்று. யார் சேஃப் கண்ணு, நாமா, அந்த ஜாரவா மக்களா. ரைட் போட்டேன், இலக்கணத்தில் தப்பு இல்லை. அடுத்தது, என் பெரியப்பாவிடம் சேஃப் இருக்கிறது, அதில் பழைய சாவி மட்டும் இருக்கிறது. நல்ல பெரியப்பா. அடுத்தது, முதலை போர்டு வைத்த இடத்தில் குளித்தால் சேஃப், போர்டு இருப்பதால். இதற்குச் சிரித்திருப்பேன், நேற்று என்றால் ஸ்டாஃப் ரூம் முழுக்க வாசித்துக் காட்டி, மெயின்லேண்டுக்கு எப்போது டிரான்ஸ்ஃபர் வரும் என்று விரல்விட்டு எண்ணுகிற பக்தவத்சலம் சாரைக்கூடச் சிரிக்கவைத்திருப்பேன். அடுத்தது, காற்று வந்தால் போட் சேஃப் இல்லை. ஐந்தே சொல். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, கையெழுத்து ஆட்டம் இல்லாமல் இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டேன்.

குணாவுக்குப் போட்டேன். நாலாவது முறைதான் எடுத்தான், பின்னால் தகரம் அடித்துக்கொள்கிற சத்தம். போட் கிளம்பிவிட்டதா என்றேன். "ரெண்டு மணிக்கே கயித்த அவுத்துட்டாங்கக்கா. அந்த அலையாத்தித் திருப்பம் வரைக்கும் போச்சு, அப்பறம் நின்ன மாதிரி இருந்துச்சு, திரும்பி வருதா போவுதான்னு தெரியல, மழ வந்து மறைச்சிருச்சு" என்றான். ஷோபனா ஏறினாளா என்று கேட்டேன், பச்சை பேக் போட்டிருந்தாள் என்று சொன்னேன், ஆமாம் ஆமாம், டீ வேண்டாம்னுட்டு பிஸ்கட் மட்டும் வாங்குச்சு, ஏறுச்சு, கவலப்படாதீங்க, டென்ஷன் மத் லோ அக்கா என்றான். கட்டாகிவிட்டது. நின்ன மாதிரி என்றால் என்ன அர்த்தம், இன்ஜின் நின்றதா, இவர்களாக நிறுத்தினார்களா, திரும்புவதற்குள் பக்கவாட்டில் அலை வாங்கினால்… இந்த ஓட்டுகிறவர்கள் எல்லாம் இந்தத் தண்ணீரிலேயே பிறந்தவர்கள், தெரியாதா அவர்களுக்கு, தெரியும், தெரிந்தவர்கள்தானே எல்லாரும், கச்சாலில் அன்றைக்குக் காலையில் தெரியாதவர்கள் யார் இருந்தார்கள். வேண்டாம். அங்கே போகாதே. இன்றைக்குப் போகாதே. தண்ணீர் குடித்தேன், தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கிறது, நான் குடிக்கும்போது அவள்…

போய்விட்டேன், எப்போதும் போல. கச்சால் தீவு, இருபது வருஷத்துக்கு முன்னால், டிசம்பர், சுனாமி. சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களில் எங்களுடையது ஒன்று, அங்கேதான் பிறந்தேன், அங்கேதான் கல்யாணம், அங்கேதான் ஷோபனா, அப்போது அவளுக்கு இரண்டு வயது, இடுப்பில்தான் இருந்தாள், அதனால் என்னோடு மேட்டுக்கு வந்துவிட்டாள். என் தங்கை புஷ்பா என் இடுப்பில் இல்லை. பத்தொன்பது வயது, அவளை யார் தூக்குவது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு கப்பலிலிருந்து ஆட்கள் மேட்டுக்கு ஏறி வந்தார்கள், கையில் நோட்டு, இங்கே யாருக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்று கேட்டார்கள், பிளஸ் டூ முடித்தவள் நான், எல்லாரும் என்னைக் காட்டினார்கள். பெயர், வயது, எதிரே ஒரு சொல். ஒரு சொல் போதும் என்றார்கள், நேரம் இல்லை, இருட்டுவதற்குள் அடுத்த மேட்டுக்குப் போக வேண்டும். சேஃப், சேஃப், சேஃப் என்று எழுதிக்கொண்டே போனேன், கல்லில் நோட்டை வைத்து, கண்ணெதிரே ஆளைப் பார்த்துப் பார்த்து. எங்கள் முறை வந்தது. அம்மாவுக்குக் காலில் அடி, காய்ச்சல், படுத்தபடியே கேட்டாள், எல்லாரையும் எழுதிட்டியா. எழுதிட்டேம்மா. புஷ்பாவ எழுதுனியா. யாரோ சொன்னார்கள், ரப்பர் பால் வெட்டுகிற பெண்களோடு புஷ்பா அந்தப் பக்கத்து மேட்டுக்கு ஓடினதைப் பார்த்தேன் என்று, யார் சொன்னது என்று இன்றுவரை எனக்கு முகம் ஞாபகம் இல்லை. பார்த்தேன் என்றார்களே. பக்கத்து மேடுதானே, இந்தப் பேப்பர் போய்ச் சேருவதற்குள் ஆளும் வந்துவிடுவாள். எழுதுனேம்மா என்றேன். எழுதினேன். புஷ்பா, பத்தொன்பது, சேஃப்.

முன்னாடியே சொல்லிவிடுவது. அவ்வளவுதான் செய்தேன். அந்தப் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்துப் போர்ட் பிளேரில் ஒரு சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், ஹேடோ வார்ஃபில் வேலை பார்த்த என் அண்ணன் முத்துராஜ் பார்த்திருக்கிறான், தேடிப்போகிற ஒரு கப்பலில் அவனுக்கு இடம் சொல்லிவைத்திருந்தார்கள், எங்க வீட்ல எல்லாரும் சேஃப் என்று சொல்லி அந்த இடத்தை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டான், நல்ல மனசு. பதினோரு நாள் புஷ்பாவை யாரும் தேடவில்லை. சேஃப் என்று எழுதின ஆளை எதற்குத் தேடுவார்கள், பட்டியலில் எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டவர்களைத்தான் தேடினார்கள். தேடியிருந்தால் கிடைத்திருப்பாளா, இல்லை, முதல் நாளே முடிந்திருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், படுக்கும்போது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அண்ணன் ஒரே ஒரு தடவை, அதுவும் கோபம் இல்லாமல், "ஒன் கையெழுத்துன்னு பாத்ததுமே தெரிஞ்சிருச்சு, அதான் நம்பிட்டேன்" என்றான். அதற்கப்புறம் நான் போர்டில் எழுதும்போதெல்லாம் என் கையெழுத்தை எனக்குப் பிடிக்காது, பிள்ளைகள் மேடம் ரைட்டிங் சூப்பர் என்பார்கள். அம்மா அதற்குப் பிறகு யார் எங்கே கிளம்பினாலும் செய்தி வரும்வரை பச்சைத் தண்ணீர் தொட மாட்டாள். அதற்காகத்தான் ஏறும் முன்பே அனுப்ப ஆரம்பித்தேன். அதாவது, எந்தக் காரியம் ஒருமுறை என் தங்கையைக் கொண்டுபோனதோ அதையே மறுபடி, மாசத்துக்கு ரெண்டு தடவை, போனில், சிரித்துக்கொண்டு. இதை இன்றைக்குத்தான் இப்படி நினைக்கிறேன். நாலு வருஷமாகிறது அம்மா போய், இன்னும் நினைக்காமலா இருந்தேன்… இருந்தேன்.

மூன்று இருபது. சாதாரணமாக இருந்தால் இப்போது இறங்கியிருப்பாள். போட்டேன், பாஹர். மழை இப்போது ஜன்னல் கண்ணாடியில் குறுக்காக அடிக்கிறது, விளையாட்டு மைதானத்தில் பாக்கு மரங்கள் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கின்றன, இருட்டிக்கொண்டு வருகிறது, இங்கே எப்போதுமே ஐந்து மணிக்கு இருட்டிவிடும், இன்றைக்கு மூன்றரைக்கே. சும்மா இருக்க முடியவில்லை, நோட்டைத் தொட முடியவில்லை, போனில் அவளுடைய மெசேஜ்களை மேலே மேலே தள்ளிக்கொண்டு போகிறேன், அவள் எழுதினதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம், இதுவும் பைத்தியக்காரத்தனம்தான். எல்லாம் ஒரே மாதிரி. டூட்டி முடிஞ்சுது, ரூமுக்கு வந்துட்டேன், சேஃப் மா. ரூமுக்கு வந்துட்டேன், சாப்பிட்டேன், சேஃப். தினம் ஒன்று, ஒருநாள் தவறாது, கெட்டிக்காரி, நானும் தினம் ஒரு கூப்பிய கை, தினம் ஒரு கட்டைவிரல். ஏப்ரல், எட்டு பத்து. ஏப்ரல், எட்டு பதினைந்து. மே, எட்டு ஏழு. எட்டு மணிக்கு டூட்டி முடியும், ஆரம்பத்திலேயே சொன்னாள், மருத்துவமனை கீழே, குவார்ட்டர்ஸ் மேட்டின் மேலே, நடுவில் பத்து நிமிஷ நடை, தென்னந்தோப்பு, விளக்கு உண்டாடி என்றேன், இருக்கும்மா, ஒண்ணு ரெண்டு என்றாள். ஜூன், எட்டு பன்னிரண்டு. ஜூலை. ஆகஸ்ட், எட்டு பத்து, எட்டு ஒன்பது. என் மகள் நேரத்தைப் பார்த்தால் ரயில் மாதிரி இருக்கிறது, நான் ரயிலில் போனதே ரெண்டு தடவைதான், இருந்தாலும்.

செப்டம்பர் பன்னிரண்டு, ஒன்றும் இல்லை. அட, ஒருநாள் தவறியிருக்கிறது, எனக்கு ஞாபகமே இல்லை, நானும் அன்று கேட்டிருக்கிறேன், சாப்பிட்டியா என்று, மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் பதில், நெட் இல்லம்மா, சேஃப். சரி, நெட் இல்லை. செப்டம்பர் பதிமூன்று, ரூமுக்கு வந்துட்டேன், சேஃப் மா. நேரம் ஐந்து இரண்டு. அன்றைக்குச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள்போல. பதினான்கு, ரூமுக்கு வந்துட்டேன், ஐந்து மணி. பதினைந்து, நாலு ஐம்பத்தெட்டு. பதினாறு… கீழே வருகிறேன், தேதி தாண்டிப் போய்விடுகிறது, மறுபடி வருகிறேன். அக்டோபர் முழுக்க ஐந்து. நவம்பர், ஐந்து, ஐந்து, ஐந்து. இங்கே லீவுக்கு வருவதற்கு முந்தின நாள்வரை. டூட்டி மாறிவிட்டதா, மாறவில்லை, நேற்றுகூடச் சாப்பிடும்போது சொன்னாளே, நாளையிலிருந்து மறுபடி எட்டு மணி டூட்டிம்மா என்று, குழம்பைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல். எட்டு மணிக்கு முடிகிற வேலைக்கு ஐந்து மணிக்கே ரூமுக்கு வந்துவிட்டேன் என்று ஏன் அனுப்புவாள். சிக்னல் போய்விடும் என்றா, ஏப்ரலில் எட்டு மணிக்கு இருந்த சிக்னல்தானே. எதற்கு முன்பாக அனுப்புகிறாள். முன்னாடியே சொல்லிவிடுவது, கால் வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவது, அதற்கப்புறம் சொல்ல முடியாமல் போகலாம் என்பதால் இப்போதே சொல்லிவிடுவது. இருட்டுவதற்கு முன்னால். எட்டு மணிக்கு அங்கே அவள் எந்த போட்டில் ஏறுகிறாள், அந்தத் தோப்பில்.

இல்லை, எனக்கு எல்லாமே பயம், மழை பெய்தால் பயம், மழை நின்றால் பயம், நானாக எதையோ கோர்க்கிறேன். அஞ்சு மணிக்கு டீ பிரேக் இருக்கும், அப்போது கையில் போன் இருக்கும், அனுப்பிவிடுகிறாள், பிள்ளைகள் சோம்பேறிகள். அப்படித்தான் இருக்கும். ஆனால் செப்டம்பர் பன்னிரண்டு. லீவுக்கு வந்த மூன்று நாளும் மூன்று மணிக்கே வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாளே, காத்து அடிக்குதும்மா என்றாளே, காற்று இன்றைக்குத்தானே வந்தது. என்னோடு பஜாருக்கு வா என்றேன், வேண்டாம் என்றாள், நான் கறிவேப்பிலை கிடைக்கவில்லை என்பதைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி படுக்கும்போது, "அம்மா, நான் இந்த வேலய விட்டுட்டா நீங்க என்ன சொல்லுவீங்க" என்று கேட்டாள். கேட்டாள். நான் என்ன சொன்னேன், கவர்மெண்ட் வேலை, பெர்மனென்ட் ஆகப்போகிறது, எத்தனை பேர் க்யூவில் நிற்கிறார்கள் தெரியுமா, சேஃபான வேலைடி என்றேன். அதே சொல். என் வாயாலேயே. தொழிலுக்கு வைத்துச் சொல்கிற அர்த்தம், சீட்டு கிழியாது, சம்பளம் தவறாது, பென்ஷன் வரும், அந்த அர்த்தத்தில் சொன்னேன், பிள்ளைகளின் நோட்டில் யாரும் இதை எழுதவில்லை. அவள் சரிம்மா என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் நன்றாகத் தூங்கினேன்.

மூன்று நாற்பத்தைந்து. கடவுளே, போட் மட்டும் போய்ச் சேரட்டும், மற்றது அப்புறம். இல்லை, போய்ச் சேரக் கூடாது, அங்கே போய்ச் சேர்ந்தால் ராத்திரி எட்டு மணி இருக்கிறது, திரும்பி வரட்டும், பாதியில் நின்றதென்றானே குணா, அப்படியே இந்தப் பக்கம் திரும்பட்டும். என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, தண்ணீரில் இருக்கிற பிள்ளைக்குப் போகட்டும் என்றா வரட்டும் என்றா வேண்டுவது, இரண்டையும் வேண்டிவிட்டால் நடுக்கடலிலேயே நின்றுவிடாதா. போகட்டும். உயிரோடு எந்தக் கரையாவது. மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன், நோட்டு அட்டைகளின் பசை வாசனை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, போன் அடித்தபோது அது என் போன் என்று புரிவதற்குள் இரண்டு தடவை மணி அடித்துவிட்டது.

"அம்மா, வந்துட்டேன். நெஜமாவே வந்துட்டேன், இப்பதான், ஜெட்டியிலதான் நிக்கிறேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அழுகிறேன் என்று தெரியக் கூடாதென்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன், தள்ளிப் பிடித்தால் குரல் போய்விடுமே என்று மறுபடி காதில் அமுக்கினேன். அலையாத்தித் திருப்பத்திலேயே முக்கால் மணி நேரம் ஒதுங்கி நிறுத்திவிட்டார்களாம், காற்று கொஞ்சம் இறங்கின பிறகு விட்டார்களாம், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்களாம், ஒரு அம்மா தன் கோழிக்கூடையை விடவே மாட்டேன் என்று ஜாக்கெட்டுக்கு மேலே கட்டிக்கொண்டதாம், சிரித்தாள், பேக் நனைந்துவிட்டது, நீங்க குடுத்த மிக்சர் நனையல என்றாள். வாயாடி. ஏறும் முன்னாடி மெசேஜ் அனுப்பாதே இனிமேல் என்று திட்டினேன், இறங்கின பிறகு அனுப்பு, நான் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்றேன். சரிம்மா என்றாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, உயிரோடு இருக்கிறாள், கரையில் இருக்கிறாள், போதும், வை போனை, அவள் உடுப்பு மாற்றட்டும். வைத்திருக்கலாம். நல்லாயிரு என்று சொல்லி வைத்திருக்கலாம், நான் எப்போதும் அங்கேதான் வைப்பேன்.

"ஷோபனா, ராத்திரி டூட்டி முடிஞ்சு நீ யாரு கூட ரூமுக்குப் போற" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு நானே பயந்துபோனேன், குரல் அவ்வளவு மெதுவாக வந்தது. அந்தப் பக்கம் மழைச் சத்தம். யாரோ ஒருவர் சாமான் இறக்கச் சொல்லி இந்தியில் கத்துகிறார். அவள் மூச்சு கேட்கிறது. நெட் போய்விட்டதா என்று போனை எடுத்துத் திரையைப் பார்த்தேன், இல்லை, மூன்று கோடும் இருக்கிறது, நொடி ஓடிக்கொண்டிருக்கிறது, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. என்னம்மா கேக்குறீங்க, தனியாத்தான், பத்து நிமிஷம்தானே என்று சொல்வாள். ஒண்ணுமில்லம்மா என்று சொல்வாள். எங்கள் வீட்டுப் பிள்ளை, அப்படித்தான் சொல்ல வளர்த்திருக்கிறேன், சொல்லிவிடு, ஒண்ணுமில்லை என்று சொல்லிவிடு ஷோபனா, நான் நம்பிவிடுகிறேன்.

"யாரும்மா சொன்னா?" என்றாள்.